பழைய செப்புக்காசைப் புளி போட்டு விளக்கலாமா?

கேள்வி: கரூரிலிருந்து ஒரு வாசகர், 04.06.2024

எங்க அப்பாரு காலத்துல அமராவதி மணல்ல சலிச்சு எடுத்த செப்புக்காசு கொஞ்சம் வீட்டுல இருக்குதுங்க. ஒரு தகர டப்பாவுல போட்டு பரண் மேல கெடந்துச்சு. இப்ப எறக்கிப் பார்த்தா எல்லாம் பச்சை பூத்துக் கெடக்குது. அம்மா புளி போட்டு வெளக்கினா பளிச்சுனு ஆயிரும்னாங்க. ரெண்டு காசை வெளக்கியும் பார்த்தாச்சு. பளிச்சுனுதான் ஆச்சு, ஆனா மேல இருந்த யானையைக் காணோமுங்க. மீதியை என்ன பண்றது?

04.06.2024, இரவு

மீதியைத் தொடாதீர்கள் தம்பி. புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி, பித்தளை பாலீஷ் எதுவும் வேண்டாம்.

யானை எங்கே போனது என்று சொல்கிறேன். வீட்டுக் குத்துவிளக்கு உள்ளே முழுக்க உலோகம். மேலே படிந்த கறுப்பைப் புளி கரைத்தால் அடியில் அதே வடிவம் இருக்கும். இரண்டாயிரம் வருஷம் மணலில் கிடந்த சேரர் காசு அப்படியில்லை. அதன் மேற்பரப்புச் செம்பு முழுக்க ஆக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறிவிட்டது. அச்சில் அடித்த யானையும், பின்பக்கத்து வில்லும் அம்பும் அந்த மாறிய அடுக்கில்தான் இருக்கின்றன. அடியில் மிச்சமிருக்கும் செம்புக்கு யானையைத் தெரியாது. புளியின் அமிலம் அந்த அடுக்கைக் கரைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அம்மாவைத் திட்டாதீர்கள். இந்த ஊரில் நாணயம் சேர்ப்பவர்களே பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

04.06.2024, பத்து நிமிடம் கழித்து

சட்டம் பற்றி ஒரு வரி. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் உள்ளதென்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது 1878இன் பத்து ரூபாய், ஆனால் சட்டத்தில் எண் அப்படியே நிற்கிறது. கரூரிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. போய்க் காட்டுங்கள். பயப்பட ஒன்றுமில்லை.

06.06.2024

"பச்சை என்றாலே நோய்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. இரண்டு பச்சை உண்டு.

ஒன்று கரும்பச்சை. வழவழப்பாக, கெட்டியாக, நகத்தால் கீறினால் வராது. அது காசுக்குக் கவசம். அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று வெளிர்பச்சை. புள்ளி புள்ளியாக, மாவு மாதிரி, தொட்டால் விரலில் ஒட்டும். தட்டினால் டப்பாவின் அடியில் பொடி விழும். இதைத்தான் வெண்கல நோய் என்கிறார்கள். செம்பு, வெண்கலம் இரண்டுக்கும் வரும். மண்ணிலிருந்த உப்பின் குளோரைடு உலோகத்தோடு சேர்ந்து, குப்ரஸ் குளோரைடாக உள்ளே ஒளிந்திருக்கும். வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் பட்டு அது பச்சைப் பொடியாகிறது. ஆகும்போது கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிவருகிறது. அந்த அமிலம் பக்கத்துச் செம்பைத் தின்று மறுபடி குப்ரஸ் குளோரைடு செய்கிறது. மறுபடி ஈரம், மறுபடி பொடி. குளோரைடு செலவாவதே இல்லை. செம்பு தீரும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

தம்பி, உங்கள் தகர டப்பாவின் அடியைப் பாருங்கள். பொடி இருக்கிறதா?

06.06.2024

இருக்கிறதாம். படம் அனுப்பியிருக்கிறார். நல்ல வெளிர்பச்சை.

09.06.2024

சரி, ஈரம் என்றால் எவ்வளவு ஈரம்? காற்றின் ஈரப்பதம் 42 முதல் 46 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தச் சுற்று ஏறத்தாழ நின்றுபோகும் என்பது ஆய்வுகளில் வந்த அளவு. கேட்க எளிதாக இருக்கிறது. நம் ஊரில் வைத்துப் பாருங்கள். கரூரில் சித்திரை மாசத்து மத்தியானம் அந்த அளவு தானாகவே வந்துவிடும். அதே நாள் விடியற்காலையில் வராது. கோயமுத்தூரில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் காற்றும் சாரலும் வந்துவிட்டால் பகலிலும் வராது. ஐப்பசி கார்த்திகையில் எங்கேயும் வராது. அதாவது காசு பகலில் காய்ந்து இரவில் ஈரம் குடிக்கிறது, வருஷம் முழுக்க.

அதனால் அறையைக் காய வைக்க நினைக்காதீர்கள், டப்பாவைக் காய வையுங்கள். ரப்பர் வளையம் வைத்து இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், பக்கத்தில் சின்ன ஈரப்பதமானி. சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிறம் மாறும் வகையை வாங்குங்கள். பழைய நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது உடம்புக்கு ஆகாது. ஜெல் நிறம் மாறினால் 110 டிகிரி அளவில் ஓவனில் காய வைத்து மறுபடி போடலாம்.

செருப்புப் பெட்டியில் வரும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருப்பதாக ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அவை உங்கள் வீட்டுக்கு வந்த அன்றே வயிறு நிறைய ஈரத்தைக் குடித்தவை அக்கா. சுட வைக்காமல் போட்டால் உள்ளிருக்கும் ஈரத்தைக் காசுக்குக் கொடுக்கவும் கூடும்.

10.06.2024

ஈரப்பதமானி பற்றி. இணையத்தில் விற்கும் மலிவான மானிகள் ஆளுக்கு ஒரு எண் சொல்லும். சரிபார்க்கச் சமையலறை உப்பு போதும். பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் சேறு மாதிரி இருக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு ஒரு ஜிப் கவரில் வைத்து மூடிவிடுங்கள். மறுநாள் உள்ளே 75 சதவீதம் இருக்க வேண்டும். மானி 69 காட்டினால் அது 6 குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

இதை நான் எந்த மியூசியத்திலும் கற்கவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் இருந்தபோது நூல் வைக்கும் அறையின் மானியை இப்படித்தான் பார்ப்போம். உப்பு எங்களுக்குப் பழக்கம். ரியாக்டிவ் சாயத்துக்கு லிட்டருக்கு ஐம்பது அறுபது கிராம் உப்பு கொட்டுவோம். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது எனக்குக் கையில் நேரம் நிறைய இருந்தது. அப்படித்தான் சென்னிமலைப் பக்கத்து வரலாற்று நண்பர்கள் கூட்டத்தில் சேர்ந்து, பானை ஓடு கழுவ ஆரம்பித்தேன்.

15.06.2024

"சென்னை மியூசியத்திலேயே கரண்ட் வைத்துச் சிலைகளைச் சுத்தம் செய்தார்களே, அதை வீட்டில் பேட்டரி சார்ஜர் வைத்துச் செய்யலாமே" என்று ஒரு பொறியியல் மாணவர்.

செய்தார்கள், உண்மைதான். 1930களில் எஸ். பரமசிவன் அங்கே வேதியியல் கூடத்தை நடத்தி, செப்புத்திருமேனிகளுக்கு மின்பகுப்பு முறையைக் கொண்டுவந்தார். பச்சைப் பொடி தின்று சாகவிருந்த எத்தனையோ சிலைகள் அதனால் பிழைத்தன. நம் நாட்டில் பழம்பொருளை வேதியியலாளர் கையில் கொடுக்கலாம் என்ற நம்பிக்கையை உண்டாக்கியவர்களில் அவர் ஒருவர். அதில் எனக்குக் கொஞ்சம் சொந்தப் பெருமையும் உண்டு, நான் சாயத்தில் துணியை முக்கி எடுத்த ஆளாக இருந்தாலும்.

ஆனால் அந்த முறை குளோரைடை இழுக்கும்போது மேல் அடுக்கையும் சேர்த்து இழுத்துவிடும். உள்ளே கனமான உலோகம் இருக்கும் சிலை அதைத் தாங்கும். ஒரு கிராம் இரண்டு கிராம் எடையுள்ள காசு தாங்காது. பிற்பாடு உலகம் முழுக்கப் பழம்பொருள் பாதுகாப்புத் துறையின் போக்கு "எவ்வளவு எடுக்கலாம்" என்பதிலிருந்து "எவ்வளவு விட்டுவைக்கலாம்" என்பதற்கு நகர்ந்துவிட்டது. 1967 வாக்கில் பென்சோட்ரையசோல் என்ற மருந்து வந்தது. அது செம்போடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலம் போட்டு ஈரத்தைத் தடுக்கும். பச்சை அப்படியே இருக்கும், தின்பது மட்டும் நிற்கும் அல்லது குறையும். அந்த மருந்தும் உடம்புக்கு நல்லதில்லை. கையுறையும் காற்றுப்போக்கிக் கூண்டும் இல்லாமல் தொடக்கூடாது. வீட்டு வேலை அல்ல.

பேட்டரி சார்ஜரை பைக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

16.06.2024

நேற்று எழுதியதைப் படித்தால் பழைய ஆட்களை மட்டம் தட்டியது போல இருக்கிறது. அப்படியில்லை. அன்றைக்கு அவர்கள் கையில் சிலிக்கா ஜெல் டப்பாவும் ஈரம் கட்டுப்படுத்திய கண்ணாடிப் பேழையும் இல்லை. பொருளைக் கடற்கரை ஊர் ஒன்றில் திறந்த கூடத்தில் வைக்க வேண்டும் என்றால், குளோரைடை முழுக்க எடுப்பதுதான் நியாயமான முடிவு.

22.06.2024

விட்டுவைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இன்னொரு காரணம். நெசவுக்கார ஊர் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

செம்போ வெள்ளியோ இரும்போ துணியில் சுற்றியபடி மண்ணுக்குள் போனால், துணி மட்கும் முன்னே உலோக உப்பு அதற்குள் ஊறும். செம்பு உப்புக்குக் கிருமிகளைக் கொல்லும் குணம் உண்டு, அதனால் நூல் கெடாமல் நிற்கிறது. சில சமயம் நூலே போய், நூலின் அச்சு மட்டும் துருவில் நிற்கும். மொகஞ்சதாரோவில் 1920களில் ஒரு வெள்ளிக் குடத்தின் மேல் ஒட்டியிருந்த துணுக்கைப் பார்த்துத்தான் அங்கே பருத்தி நெய்தார்கள் என்று உறுதி செய்தார்கள். அதில் மஞ்சிட்டி இனத்துச் சாயம் ஏறியிருந்தது என்றும் அப்போதே எழுதினார்கள்.

யாராவது அந்தக் குடத்தைப் புளி போட்டு விளக்கியிருந்தால்?

நம் பக்கத்தில் அகழாய்வு நடந்த கொடுமணலில் தக்களி வட்டுகள் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரையில் நூல் நூற்றார்கள் என்பதற்கு அது சாட்சி. நெய்த துணி எப்படி இருந்தது, அங்குலத்துக்கு எத்தனை இழை, நூல் முறுக்கு வலமா இடமா என்பதெல்லாம் ஏதோ ஒரு துருப்பிடித்த கத்தியின் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு இருக்கலாம். கைவசம் துருப்பிடித்த பொருள் வைத்திருப்பவர்கள் முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு தெரிந்தால் உடனே படம் எடுங்கள். பிரஷ் கூடப் போடாதீர்கள்.

22.06.2024

ஒரு சென்னிமலைக்காரர்: "இழை எண்ணிப் பார்க்க எங்க மாமாவைக் கூட்டிட்டு வரட்டுங்களா, அவருக்குக் கண்ணாடியே வேண்டாம்." கூட்டிக்கொண்டு வாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துருவில் இருக்கும் நெசவைப் படிக்க நெசவாளியை விட யார் தோது?

03.07.2024

இரும்புக்கு வருவோம். கேள்வி சங்ககிரியிலிருந்து: "இரும்புச் சாமானைக் கடுக்காய்த் தண்ணியில ஊறப் போட்டா கறுப்பாகி துரு நிக்குமே, எங்க பாட்டன் கொடுவாளுக்கு அதைத்தான் செய்வாரு. பழைய ஈட்டி முனைக்குச் செய்யலாமா?"

பாட்டன் செய்ததில் வேதியியல் இருக்கிறது. கடுக்காயில் டானின் நிறைய. அது இரும்போடு சேர்ந்து நீலக் கறுப்பாகக் கெட்டியான சேர்மம் ஒன்றை உண்டாக்கும். ஆவாரம்பட்டையிலும் அதே டானின்தான், ஈரோட்டுத் தோல் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். பழம்பொருள் பாதுகாப்புக் கூடங்களிலும் டானிக் அமிலத்தை இரும்புக்குப் பூசுகிறார்கள்.

ஆனால் கொடுவாள் உயிரோடு இருக்கும் இரும்பு. ஈட்டி முனை அப்படியில்லை. அகழ்ந்தெடுத்த இரும்பில் குளோரைடு உள்ளே இருந்தால், எடுத்த சில மாதங்களில் மேலே சின்னச் சின்ன மஞ்சள் துளிகள் நிற்கும். "வியர்க்கிறது" என்போம். அந்தத் துளி அமிலம். அப்புறம் மேல் ஓடு செதில் செதிலாகப் பெயர்ந்து விழும். இதற்கு மேல் கறுப்புப் பூசினால் படத்துக்கு அழகாக இருக்கும், உள்ளே நடப்பது நடந்துகொண்டே இருக்கும். தவிர, கடுக்காய்க் கஷாயத்தில் டானின் மட்டும் இல்லை, சர்க்கரையும் இன்னும் என்னென்னவோ இருக்கிறது. பூஞ்சைக்கு விருந்து.

முறையான வழி குளோரைடை வெளியே இழுப்பது. 1975இல் மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில், மூழ்கிய கப்பல்களின் இரும்புக்காக ஒரு முறை கண்டார்கள். காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைட்டும் கலந்து, காற்றுப் புகாமல் மூடி, 60 டிகிரி அளவில் மாதக்கணக்கில் ஊறவைப்பது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காஸ்டிக், 60 டிகிரி, மூடிய பாத்திரம். எங்கள் பட்டறையில் அத்தனையும் இருந்தன! ஆனாலும் உள்ளே உலோகமே மிச்சமில்லாமல் வெறும் துருவாகிவிட்ட பொருளை அதில் போட்டால் சேறாகத்தான் வெளியே வரும். எக்ஸ்ரே எடுத்து, உள்ளே எவ்வளவு இரும்பு மிச்சம் என்று பார்த்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது மறுபடி டப்பாவும் ஜெல்லும்தான். இரும்புக்கு இன்னும் வறட்சி வேண்டும், 15 சதவீதத்துக்கும் கீழே. ஜெல்லை அள்ளிப் போடுங்கள்.

04.07.2024

கடுக்காய் பற்றி ஒரு பின்குறிப்பு. மேட்டூர்ப் பக்கம் தெலுங்கனூரில் ஈமக்குழியில் கிடைத்த வாள் உயர்கரிம எஃகு. அந்த எஃகுக்குள் இருந்த கரிமத்தை வைத்தே காலம் கணித்தார்கள், கி.மு. இரண்டாம் ஆயிரத்தின் பிற்பகுதி என்று வந்தது. கரி கிடைத்தால்தான் காலம் என்று இருந்த நிலை போய், இரும்பே தன் வயதைச் சொல்லும் நிலை வந்திருக்கிறது. அப்படியிருக்க, இன்றைய கடுக்காயின் கரிமத்தை எதற்கு அதன் மேல் தடவ வேண்டும்?

மாலையில்: உட்பகுதி உலோகத்தை வெட்டி எடுத்துச் சோதித்தால் மேற்பூச்சு பெரிதாகக் கெடுக்காது என்று ஒரு நண்பர் போனில் சொன்னார். நல்ல உலோகம் மிச்சமிருக்கும் வாளுக்கு அது சரி. முக்கால்வாசி துருவாகிப் பொந்து விழுந்த துண்டுக்கு ஒத்துவராது. பெரும்பாலானவை அந்த இரண்டாம் வகைதான்.

19.07.2024

பானை ஓடு கழுவுவது பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள்.

தண்ணீர் எது? கொடுமணலுக்குப் பக்கத்திலேயே ஒரத்துப்பாளையம் அணை. 1992இல் பாசனத்துக்கென்று கட்டியது, சாயக்கழிவு தேங்கி நிலத்தடி நீரே உப்பானது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த உப்பில் என் கையாலும் கொஞ்சம் கொட்டியிருக்கிறேன் என்பதால் இதைச் சுருக்கமாகத் தாண்டிவிட மாட்டேன். இங்கே போர் தண்ணீர் எடுத்து, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மானி வைத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீரில் ஓட்டைக் கழுவினால் ஓட்டில் இல்லாத உப்பையும் ஏற்றுகிறீர்கள். காயும்போது உப்பு மேற்பரப்புக்கு வந்து படிகமாகிறது, அடுத்த மழைக்காலத்தில் கரைகிறது, மறுபடி படிகமாகிறது. ஒவ்வொரு தடவையும் மேல்தோலைக் கொஞ்சம் தள்ளும். கறுப்பு சிவப்புப் பானையின் அந்த மினுங்கும் மேல்பூச்சு அப்படித்தான் உதிர்கிறது.

நாங்கள் செய்வது: முதலில் மண்ணைத் தட்ட மட்டும் சாதாரணத் தண்ணீர், அப்புறம் ஆர்ஓ தண்ணீரில் ஊறல், கடைசி ஊறலுக்குக் கடையில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர். ஊறிய தண்ணீரை டிடிஎஸ் மானியால் பார்ப்போம். எண் ஏறுவது நின்றால் உப்பு வருவது நின்றது. ஆர்ஓ மெஷின் போட வருபவர் கையில் வைத்திருக்கும் அதே மானிதான், சில நூறு ரூபாய்.

எல்லா ஓட்டையும் ஊறவைக்க வேண்டியதில்லை. நன்றாக வெந்து, கணீரென்று சத்தம் வரும் ஓடு என்றால் சரி. அரைவேக்காட்டு ஓடு கரைந்துவிடும். எழுத்துக் கீறல் இருந்தால் நைலான் பிரஷ் வேண்டாம். தமிழி என்ற அந்தப் பழைய தமிழ் எழுத்தில் ஒரு புள்ளியோ கோடோ தேய்ந்தால் பெயரே மாறும்.

முக்கியமாக, எல்லா ஓட்டின் உட்பக்கத்தையும் கழுவிவிடாதீர்கள். சமைத்த எண்ணெய், கொழுப்பு எல்லாம் ஓட்டின் நுண்துளைகளில் இன்னும் இருக்கும். இன்றைய ஆய்வுக்கூடங்கள் அதிலிருந்து என்ன சமைத்தார்கள் என்றே சொல்கின்றன. கிடைத்த ஓட்டில் நாலைந்தையாவது மண்ணோடு அலுமினியத் தாளில் சுற்றி, வெறும் கை படாமல் எடுத்து வையுங்கள்.

20.07.2024

கல்மணிகளுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. பளிங்கு, சூதுபவளம், படியூர்ப் பச்சைக்கல் எல்லாம் நம்மை விடக் கெட்டி. கண்ணாடி மணி மட்டும் கவனம். அதன் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் அது அழுக்கு அல்ல, கண்ணாடியே அடுக்கடுக்காகப் பிரிகிறது. துடைத்தால் போய்விடும்.

11.08.2024

இது நீளமாகப் போகும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு சேகரிப்பில், வெளியூரிலிருந்து வந்த பயிற்சிக்காரர்கள் மார்கழியில் ஒரு பெரிய சாடியை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அழகான வேலை. பாராலாய்டு பி-72 என்ற பிசின். உலகம் முழுக்க நம்பும் பிசின், அசிட்டோன் விட்டால் கழன்று வரும், வருஷக்கணக்கில் மஞ்சளாகாது. சித்திரையில் போய்ப் பார்த்தால் சாடி தோள்பட்டை இறங்கி ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது. உடையவில்லை. ஒட்டு மெதுவாக நழுவியிருக்கிறது.

யார் மேலும் குற்றமில்லை. அந்தப் பிசின் இறுக்கம் விட்டு இளகத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 40 டிகிரி. லண்டனில் அது ஒரு தகவல். கரூர் பரமத்தியில் கோடை வெயில் 40ஐத் தாண்டுவது செய்தியே இல்லை. தகரக் கூரை போட்ட ஸ்டோர் ரூமுக்குள் அதைவிட எவ்வளவு என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். புத்தகத்தில் இருக்கும் முறை சரி, புத்தகம் எழுதிய ஊர் வேறு.

இதே குடும்பத்தில் பி-44 என்று ஒன்று உண்டு, அது இளகுவது 60 டிகிரியில். வெயில் ஊர்களில் வேலை செய்பவர்கள் அதைத் தனியாகவோ பி-72உடன் கலந்தோ பயன்படுத்துகிறார்கள். சற்று நொறுங்கும் தன்மை, அதனால் கலப்பு. நம் பக்கத்துக்கு இதைத்தான் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அல்லது கனமான பானையை ஒட்டி நிறுத்தவே வேண்டாம். பெரிய ஓடுகளை மணல் தட்டில் படுக்க வைத்து, முழு வடிவத்தைத் தாளில் வரைந்து பக்கத்தில் மாட்டினால் பார்க்க வருபவருக்குப் புரியாதா?

ஃபெவிகால்? வெயிலில் இளகும், ஈரத்தில் ஊறும். ஃபெவிக்விக்? ஒட்டும். பிரிக்க வேண்டிய நாளில் ஓட்டின் விளிம்பையும் பிய்த்துக்கொண்டு வரும். அரால்டைட் போட்டவர்கள் தயவுசெய்து எனக்குப் படம் அனுப்ப வேண்டாம், மனசு கேட்காது.

13.08.2024

"அப்ப ஏசி போடச் சொல்றீங்களா?" போடாதீர்கள். பகலில் ஓடி இரவில் நிற்கும் ஏசி, ஈரத்தை ஏற்றி இறக்கி எல்லாப் பொருளையும் வதைக்கும். தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று வேயுங்கள், அல்லது வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். பல டிகிரி குறையும்.

01.09.2024

நாணய ஆல்பம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

கடையில் கிடைக்கும் மெத்தென்ற, பளபளக்கும், புது ரெக்சின் வாசம் வீசும் பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் பிவிசி. அது நாளாக நாளாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கசியும். செப்புக்காசில் பிசுபிசுவென்று பச்சையாக ஒன்று ஒட்டும். அதாவது மண்ணிலிருந்து வந்த குளோரைடு போதாதென்று காசு கொடுத்தும் வாங்கிப் போடுகிறோம்.

கண்டுபிடிக்க ஒரு வழி. செம்புக் கம்பியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, உறையின் ஓரத்தைத் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். ஜுவாலை பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது. வெளியே, காற்று வரும் இடத்தில் செய்யுங்கள், புகையை மூக்கில் இழுக்காதீர்கள். பச்சை வராத பாலிப்ரொப்பிலீன், மைலார் உறைகள் நல்லவை.

அட்டை, பெயின்ட், பிளைவுட், துணி என்று எல்லாவற்றையும் சோதிக்க முறை உண்டு. 1973இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆடி என்பவர் கொண்டுவந்தது. சோதிக்க வேண்டிய பொருளை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் தண்ணீரும் வைத்து மூடி, 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். தகடு கெட்டால் அந்தப் பொருள் மியூசியத்துக்குள் வரக்கூடாது. எனக்குப் பிடித்த சோதனை இது, ஏனென்றால் கருவி என்று எதுவும் இல்லை. பழைய பட்டறை நண்பர் ஒருவரின் லேபில் ஓவன் சும்மா கிடந்தது, எங்கள் புது அலமாரிக்கு வாங்கிய பிளைவுட் துண்டை இப்படி வைத்துப் பார்த்தோம். ஈயத் தகடு வெள்ளை பூத்துவிட்டது. மரத்திலும் பிளைவுட் பசையிலும் வரும் அமில ஆவி. அலமாரியை ஆசாரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம், அவர் வீட்டில் வேட்டி சட்டை வைத்திருக்கிறார். நாங்கள் இரும்பு பீரோவுக்கு மாறினோம்.

02.09.2024

ரப்பர் பேண்டும் கூடாது. அதிலிருக்கும் கந்தகம் வெள்ளிக்காசைக் கறுப்பாக்கும். கோயமுத்தூர்ப் பக்கம் வெள்ளலூரில் கிடைத்த புதையல் மாதிரி ரோமானிய வெள்ளிக்காசு யார் வீட்டிலாவது ரப்பர் பேண்டு போட்டு இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள், அப்புறம் கலெக்டர் ஆபீஸ் போங்கள்.

29.09.2024

ஞாயிற்றுக்கிழமை நடுகல் பார்க்கப் போகும் குழுக்களுக்கு. எழுத்து தெரியவில்லை என்று மைதாவும் கோலமாவும் தேய்ப்பதை விடுங்கள். மாவு எறும்புக்கும் பூஞ்சைக்கும் சோறு. கலர்ப்பொடி, சாக்பீஸ் கல்லின் நுண்துளைக்குள் போனால் வராது. பெயின்ட் அடித்து எழுத்தைக் காட்டுபவர்கள் தாங்கள் தப்பாகப் படித்ததையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். அடுத்து வருபவர் கல்லைப் படிப்பதில்லை, பெயின்ட்டைப் படிக்கிறார்.

இருட்டிய பிறகு போய், டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். நாலு பக்கமும் மாற்றி மாற்றிப் படம் எடுங்கள், கேமரா அசையக்கூடாது. இப்படி எடுத்த படங்களைக் கணினியில் சேர்த்து, வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க இலவச மென்பொருளே இருக்கிறது. மைப்படி, அதாவது கல்லின் மேல் தாளை ஒட்டி மை தடவி நகல், எடுக்கத் தெரிந்தவர் கூட இருந்தால் அதுவும் எடுங்கள், அது பழுதில்லாத முறை.

கோயில் கல்லில் மணல் வீசிச் சுத்தம் செய்வது பற்றிப் பேசினால் இந்தப் பக்கமே பத்தாது. கருங்கல்லின் மேல்தோல் போனால் கல்வெட்டு போயிற்று. அவ்வளவு போதும்.

30.09.2024

நடுகல்லுக்கு எண்ணெய் தேய்த்து மஞ்சள் பூசிக் கும்பிடுவதையும் நிறுத்தச் சொல்வீர்களா என்று கோபமாக ஒரு கேள்வி. சொல்ல மாட்டேன். அந்த எண்ணெய்ப் பிசுக்கு கல்லுக்கு நல்லதில்லை என்பது தெரியும். ஆனால் கும்பிடும் கல்லை யாரும் பெயர்த்து வேலிக்கல்லாக நடுவதில்லை. எங்கள் வாத்தியார் இதில் என்னோடு உடன்பட மாட்டார், விட்டால் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டிவிடுவார். இரண்டு பேரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

17.11.2024

பள்ளியில் சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கும் ஒரு டீச்சர், எண் எழுதுவது எப்படி என்று கேட்டார். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள் டீச்சர், பசை காய்ந்து விழும், அல்லது ஓட்டின் தோலோடு வரும். ஓட்டின் உடைந்த விளிம்புக்குப் பக்கத்தில், உட்பக்கம், நகம் அளவுக்கு பி-72 கரைசலைப் பூசுங்கள். காய்ந்ததும் அதன் மேல் இந்தியன் இங்க்கில் எண். அதன் மேல் இன்னொரு பூச்சு. வேண்டாத நாளில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் எண் போய்விடும், ஓடு அப்படியே இருக்கும். நகப்பூச்சு நீக்கியை அசிட்டோன் என்று நினைத்து வாங்காதீர்கள், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். பள்ளிக் கெமிஸ்ட்ரி லேபிலேயே சுத்தமான அசிட்டோன் இருக்கும்.

எந்தத் தோட்டம், யார் எடுத்தது, எத்தனை அடி ஆழம், என்றைக்கு என்பதைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் பரவும். பதிவேட்டை இரண்டு பிரதியாக வைத்து, ஒன்றைப் பள்ளிக்கு வெளியே வையுங்கள், ஏனென்றால் இராமபாணப் பூச்சிக்கு வரலாற்று ஆர்வம் அதிகம். ஈரோட்டு அரசு அருங்காட்சியகத்துக்கு மாணவர்களைக் கூட்டிப் போகும்போது உங்கள் எண்ணிடும் முறையையும் காட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே வகை எண் இருந்தால் பின்னால் சேர்ப்பது சுலபம்.